கைக்காயத்தை மதிப்பிடுதல்: நெய்வேலிச் சுரங்கமும் கை மருத்துவத்தின் வரலாறும்

முழங்கை, முன்கை, மணிக்கட்டு, கை ஆகிய பகுதிகளில் ஏற்படும் காயங்கள் தொழிற்கூடங்களிலும் வயல்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் அடிக்கடி காணப்படுபவை. இவற்றுள் உயிருக்கு ஆபத்தானவை குறைவு. ஆனால் கையை நம்பிப் பிழைப்பவருக்கு இவை பல மாதக் கூலியையோ, வாழ்நாள் தொழிலையோ பறித்துவிடக்கூடும். ஆகவே இக்காயங்களைச் சரியாக மதிப்பிடுவது மருத்துவர், தொழிலாளி, முதலாளி, நீதிமன்றம் என எல்லோருக்கும் உரிய சிக்கலாகிறது.

மதிப்பிடுதல் என்பதில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. காயம் எவ்வளவு பெரியது என்பது ஒன்று. இந்தக் கையால் இனி என்ன செய்ய முடியும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு மட்டும் விடை தேடினால் பல நேரங்களில் பிழை நேர்கிறது. கடந்த இருநூறு ஆண்டுகளில் மருத்துவமும், அதன் பின்னால் சட்டமும், முதல் கேள்வியிலிருந்து இரண்டாவது கேள்விக்கு மெல்ல நகர்ந்துள்ளன. சுரங்கமும் அனல்மின் நிலையங்களும் சூழ்ந்த நெய்வேலி நகரியம் இந்த நகர்வின் பொருளை எளிதில் புரிந்துகொள்ள உதவும் இடமாகும்.

நெய்வேலியும் கைவேலையும்

கடலூர் மாவட்டத்தில் உள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி இருப்பது 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்டது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படிவம் முதன்முதலாக வெளியே தெரிந்தது. எண்ணிட்ட வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, தனக்கென ஒரு பொது மருத்துவமனையுடன் நகரியம் வளர்ந்தது.

நெய்வேலியில் உள்ளவை திறந்தவெளிச் சுரங்கங்கள். பக்கெட் வீல் எனப்படும் பெரும் சக்கர வாளி இயந்திரங்கள் மேல்மண்ணை வெட்டி எடுக்க, கன்வேயர் பெல்ட்டுகள் அதைக் கொண்டுபோய்க் கொட்டுகின்றன. நிலக்கரியும் பெல்ட்டில் ஏறியே மின்நிலையங்களுக்குச் செல்கிறது. இங்குள்ள கடலூர் மணற்பாறை கடினமானது. அதை வெட்டும் வாளிப் பற்கள் விரைவில் தேய்ந்தன. தேய்ந்த பல்லை மாற்றுவது, உருளைகளைக் கழற்றிப் பூட்டுவது, பெல்ட்டை ஒட்டுவது, தாங்கிகளுக்குக் கிரீஸ் ஏற்றுவது, வெல்டிங் வைப்பது, அரைப்பது என இயந்திரம் பெரிதாகப் பெரிதாகக் கைவேலையும் பெருகுகிறது. வெட்டும் வேலையை இயந்திரம் செய்தாலும் அந்த இயந்திரத்தைப் பேணுவது மனிதக் கைதான்.

ஓடும் பெல்ட்டுக்கும் உருளைக்கும் இடையே கை சிக்கினால் ஒரே நொடியில் மூன்று வகைக் கேடுகள் நேரும். எலும்பும் தசையும் நசுங்கும். தோல் கையுறை போல உரிந்துபோகும். உராய்வினால் சூட்டுக்காயமும் ஏற்படும். நகரியத்துக்கு வெளியேயும் கைக்கு ஆபத்து உண்டு. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களை ஓட்டிலுள்ள எண்ணெய் பொசுக்குகிறது. கரும்புச்சாறு பிழியும் இயந்திரத்தில் விரல்கள் சிக்குவது தமிழகமெங்கும் மருத்துவர்கள் காணும் காயமாகும்.

கண்ணும் விரலும் மட்டும் இருந்த காலம்

இன்று ஒரு மருத்துவர் அடிபட்ட கையைத் தொட்டுச் செய்யும் சோதனைகள் பல, நெய்வேலியில் முதல் மண் வெட்டப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே உருவானவை. அவற்றுள் சில, எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கும் முந்தியவை.

முன்கையில் இரண்டு எலும்புகள் உள்ளன. கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ். சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. கையை ஊன்றி விழும்போது மணிக்கட்டுக்குச் சற்று மேலே ரேடியஸ் எலும்பு உடைவது மிகச் சாதாரணம். 1814இல் அயர்லாந்தின் டப்ளின் நகர மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் இந்த முறிவை விவரித்துக் கட்டுரை எழுதினார். அதுவரை பலரும் இதை மணிக்கட்டு நழுவியதாகவே கருதி வந்தனர். எக்ஸ்ரே இல்லை, உடைந்த எலும்பை அறுத்துப் பார்க்கும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டவில்லை. வடிவத்தைக் கண்ணால் பார்த்தும் விரலால் தடவியும் மட்டுமே அது முறிவு என்று முடிவு செய்தார். இந்த முறிவு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. கை கோணலாகவே நின்றாலும் காலப்போக்கில் அசைவு வலியின்றித் திரும்பிவிடும் என்று அவர் எழுதியது பின்னாளில் விவாதத்துக்கு உள்ளானது. கையின் தோற்றம் வேறு, கையின் பயன் வேறு என்ற கருத்து அந்த விவாதத்தில் முளைவிட்டது.

அதே ஆண்டில் இத்தாலிய மருத்துவர் மாண்டெஜியா இன்னொரு முறிவை விவரித்தார். அல்னா எலும்பு நடுவில் உடைந்திருக்கும்போது ரேடியஸின் தலைப்பகுதி முழங்கையில் நழுவியிருக்கலாம் என்பது அவர் கண்டது. இதற்கு எதிர்நிலையில், ரேடியஸ் உடைந்து மணிக்கட்டருகே அல்னா நழுவுவதை 1934இல் மிலான் நகரின் கலியாட்சி விளக்கினார். இவ்விரண்டிலிருந்தும் பெறப்பட்ட பாடம் எளியது: முன்கை எலும்பு உடைந்தால் அந்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது, மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முழங்கைக்கும் தொட்டறியும் சோதனை ஒன்று உண்டு. முழங்கையை மடக்கும்போது இரு பக்கத்து எலும்பு முனைகளும் பின்பக்கத்து முனையும் ஒரு முக்கோணமாக அமையும். முழங்கை மூட்டு நழுவியிருந்தால் முக்கோணம் குலைந்துவிடும். மூட்டுக்கு மேலே புய எலும்பு உடைந்திருந்தால் முக்கோணம் குலையாது. மரத்திலிருந்து விழும் குழந்தைகளுக்கு அதிகம் நேர்வது இரண்டாவது வகை.

இந்த இரண்டாவது வகையில்தான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. 1881இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் வோல்க்மன், இறுக்கமான கட்டுக்குப் பிறகு முன்கைத் தசைகள் ரத்த ஓட்டம் இழந்து மடிந்து, விரல்கள் கொக்கி போல மடங்கி நிலைத்துவிடுவதை விவரித்தார். கட்டு மட்டுமின்றி உள்வீக்கமும் இதை உண்டாக்கும். தமிழகத்தில் இந்த எச்சரிக்கைக்குத் தனிப் பொருள் உண்டு. ஆந்திர எல்லையில் உள்ள புத்தூரின் பெயரால் வழங்கும் புத்தூர் கட்டும், ஊருக்கு ஊர் உள்ள எலும்பு வைத்தியர்களின் மூங்கில் பத்தைக் கட்டும் இன்றும் பலர் முதலில் நாடுபவை. அவர்களுள் பட்டறிவு மிக்கவர்கள் தடவிப் பார்த்தே முறிவை அறிகிறார்கள். ஆனால் கட்டு இறுகி விரல்கள் மரத்துப்போனால் மணிக்கணக்கில் கை அழிந்துபோகும். விரல்களை மற்றொருவர் மெல்ல நீட்டும்போது முன்கையில் தாங்க முடியாத வலி எழுவது இதன் முதல் அறிகுறி. அந்த வலி தோன்றினால், கட்டியவர் யாராக இருந்தாலும் கட்டை உடனே தளர்த்தி, அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்வதே வழி.

எக்ஸ்ரேயும் அதன் எல்லையும்

1895இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். அவர் எடுத்த புகழ்பெற்ற முதல் படங்களுள் ஒன்று அவருடைய மனைவியின் கை. அதன் பிறகு எலும்பு முறிவை ஊகிக்க வேண்டிய தேவை குறைந்தது. ஆனால் படத்தில் தெரியாததெல்லாம் இல்லாதது என்ற புதிய தவறும் பிறந்தது.

மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளுள் ஸ்கேபாய்டு எனப்படும் படகு வடிவ எலும்பு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கையை ஊன்றி விழும் இளைஞர்களுக்கு இது உடைவது வழக்கம். கட்டைவிரலை விரித்து நீட்டினால் அதன் அடியில், மணிக்கட்டின் பக்கவாட்டில் ஒரு குழி தோன்றும். மூக்குப்பொடியை வைத்து உறிஞ்சும் இடம் என்பதால் அதற்குப் பொடிக்குழி என்ற பொருளிலேயே உடற்கூறு நூல்களில் பெயர் உண்டு. அங்கே அழுத்தினால் வலித்தால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும், எலும்பு உடைந்திருப்பதாகவே கொண்டு மணிக்கட்டை அசையாமல் கட்டி, 10 முதல் 14 நாள்களில் மறுபடி படம் எடுக்க வேண்டும். வசதி இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். இந்த எலும்புக்கு ரத்தம் அதன் நுனிப்பக்கத்திலிருந்து பின்னோக்கி வருகிறது. முறிவைச் சுளுக்கு என்று எண்ணி விட்டுவிட்டால் பின்பாதி ரத்தமின்றி மடியலாம். ஓராண்டு கழித்து ஸ்பானரை முறுக்க முடியாமல் வரும் தொழிலாளியிடம், மறந்துபோன ஒரு பழைய வீழ்ச்சி காரணமாக இருக்கக்கூடும்.

எலும்பைத் தவிர மற்றவை

கை என்பது எலும்பு மட்டுமன்று. தசைநாண், நரம்பு, ரத்தக்குழாய், தோல் ஆகியவற்றில் ஒன்று கெட்டாலும் கை பயனிழக்கும். இவற்றைச் சோதிக்கும் முறைகள் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உருவாயின. தொழிற்சாலைகளும் இரண்டு உலகப் போர்களும் அதற்குக் காரணங்கள்.

சிகாகோ மருத்துவர் ஆலன் கனவெல் 1912இல் கையில் ஏற்படும் சீழ்த்தொற்று பற்றி நூல் எழுதினார். விரலின் தசைநாண் உறைக்குள் சீழ் புகுந்ததைக் காட்டும் நான்கு அறிகுறிகள் அவர் பெயரால் அறியப்படுகின்றன: விரல் முழுவதும் சீராக வீங்குதல், சற்றே மடங்கிய நிலை, உறை நெடுக அழுத்தினால் வலி, விரலை நீட்டினால் கடும் வலி. முள் குத்திய சிறு காயம்கூட இந்த நிலைக்குக் கொண்டுபோகலாம்.

முதல் உலகப் போரில் குண்டடிபட்ட வீரர்களின் கைகளைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர்கள் 1915இல் இரண்டு சோதனைகளைத் தந்தனர். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஒரு தாளைப் பிடிக்கச் சொல்லி இழுத்தால், அல்னார் நரம்பு கெட்டவர் கட்டைவிரலின் நுனி மூட்டை மடக்கித்தான் பிடிக்க முடியும் என்பது ஃப்ரோமான் கண்டது. நரம்பின் மேல் விரலால் தட்டும்போது ஏற்படும் மின்சாரம் போன்ற உணர்வு, நரம்பு எங்கே மீண்டும் வளர்கிறது என்பதைக் காட்டும் என்பது டினெல் கண்டது. இவற்றுக்கு ஒரு தாளும் ஒரு விரலும் போதும். பெரிய கருவி எதுவும் இல்லாத சுரங்க முதலுதவி அறையிலும் இவற்றைச் செய்ய முடியும்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைக்காக ஸ்டெர்லிங் பன்னெல் கை மருத்துவ மையங்களை நெறிப்படுத்தினார். 1944இல் அவர் வெளியிட்ட கை அறுவை மருத்துவ நூல் அத்துறையைத் தனித்துறையாக நிலைநிறுத்தியது. எலும்புக்கு ஒருவர், நரம்புக்கு ஒருவர், தோலுக்கு ஒருவர் என்று பிரிக்காமல், ஒரே மருத்துவர் முழுக் கையையும் பார்க்க வேண்டும் என்பது அவர் வழி. 1965இல் ஜப்பானில் கொமாத்சு, தமாய் என்ற இருவர் முற்றிலும் துண்டான கட்டைவிரலை நுண்ணோக்கியின் துணையுடன் மீண்டும் பொருத்தினர். அதன் பிறகு துண்டான விரலைக் குப்பையில் எறியும் காலம் முடிந்தது.

வேலூர், ஸ்டான்லி, கோவை

இந்த வரலாற்றில் தமிழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது விபத்திலிருந்து தொடங்காமல் தொழுநோயிலிருந்து தொடங்கியது.

1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், இங்கிலாந்தில் முதலில் கட்டுமானத் தொழிலையும் பின்னர் மருத்துவத்தையும் கற்று, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் காக்ரேனின் நோயாளிகளைக் கண்டார். விரல்கள் மடங்கிய கைகளைப் பார்த்தவர்கள் அவை செயலற்றவை என்றே எண்ணியிருந்தனர். பிராண்ட் ஒவ்வொரு தசையாகச் சோதித்தபோது சில தசைகளே முடங்கியிருப்பதும், முன்கையின் பல தசைகள் முழு வலுவுடன் இருப்பதும் தெரிந்தது. வலுவுள்ள தசையின் நாணை முடங்கிய தசையின் வேலைக்கு மாற்றித் தைக்கும் அறுவைச் சிகிச்சையை 1948 முதல் அவர் செய்யத் தொடங்கினார். இழந்ததை மட்டும் எண்ணாமல் எஞ்சியிருப்பதையும் கணக்கிட்டதே இதன் அடிப்படை.

தொழுநோயாளிகளின் விரல்கள் தேய்ந்துபோவதற்கு நோய்க்கிருமி நேரடிக் காரணமன்று. வலி உணர்வு இல்லாததால் சூடும் அழுத்தமும் தெரியாமல் மீண்டும் மீண்டும் காயப்படுவதே காரணம் என்பதையும் அவரும் உடன்பணியாளர்களும் காட்டினர். உணர்ச்சி இழந்த கை ஆபத்தான கை என்ற இந்தப் பாடம், நரம்பு அறுந்த எந்தத் தொழிலாளிக்கும் பொருந்தும். 1954இல் விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி இத்தகைய கை அறுவைச் சிகிச்சைகளைச் செய்ததும் வேலூரின் வரலாற்றில் இடம்பெற்றுள்ளது.

1970களின் தொடக்கத்தில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவை மருத்துவத்துக்கெனத் தனிப் பிரிவை உருவாக்கினார். துறைமுகமும் ஆலைகளும் நிறைந்த வட சென்னையில், எந்திரத்தில் சிக்கிய கைகளுக்கு அரசு மருத்துவமனையில் கட்டணமின்றி உயர்சிகிச்சை கிடைத்தது. இந்தியாவில் கை மருத்துவத்துக்கு அமைந்த முன்னோடிப் பிரிவு அது. கோயம்புத்தூரில் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசபாபதியின் குழு கை மறுசீரமைப்பில் உலகறிந்த மையத்தை வளர்த்தது. அதே மருத்துவமனையின் எலும்பு மருத்துவக் குழு, நசுங்கித் திறந்த கால் முறிவுகளுக்கு 2006இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டது. தோல், எலும்பு, செயல்படும் திசுக்கள் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் இட்டு, உறுப்பைக் காக்கலாமா என்று முடிவெடுக்க அது உதவுகிறது. காலுக்காக உருவானது என்றாலும், காயத்தைத் திசுவாரியாகப் பிரித்துப் பார்க்கும் அதன் வழி கைக்கும் பொருந்துவதே.

சிறு துளை, பெருங்கேடு

கண்ணுக்குத் தெரியும் காயத்தின் அளவு ஏமாற்றும் என்பதற்குச் சுரங்கமும் மின்நிலையமும் மூன்று சான்றுகளைத் தருகின்றன.

முதலாவது, அழுத்தத்தில் பாயும் கிரீஸ் அல்லது எண்ணெய். கிரீஸ் துப்பாக்கியின் முனையோ, வெடித்த ஹைட்ராலிக் குழாயோ விரலில் ஊசி குத்தியது போன்ற துளையை மட்டுமே விடும். முதல் மணி நேரத்தில் வலியும் பெரிதாக இராது. ஆனால் உள்ளே எண்ணெய் தசைநாண் உறை வழியாக உள்ளங்கை வரை பரவியிருக்கும். டீசல் இவ்வாறு பாய்ந்த காயம் 1937இலேயே மருத்துவ இதழில் பதிவானது. இதற்கு உடனடி அறுவைச் சிகிச்சை தேவை. மருந்து தடவி அனுப்பினால் விரலையே இழக்க நேரிடும்.

இரண்டாவது, உயர் மின்னழுத்தம். மின்சாரம் புகுந்த இடத்தில் தோலில் சிறு கருகல் மட்டும் இருக்க, ஆழத்தில் முன்கைத் தசை வெந்திருக்கலாம். பின்னர் வீக்கம் ஏறி, வோல்க்மன் விவரித்த அதே நிலை உருவாகும்.

மூன்றாவது, காயமே தெரியாத காயம். 1918இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலச் சுண்ணாம்புக்கல் குவாரிகளில், காற்றழுத்தத் துளைக்கருவி பிடித்தவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதை மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் ஆராய்ந்து எழுதினார். அதிர்வு விரல்களின் ரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கிறது. டென்னிஸ் முழங்கை எனப்படும் வலியும் இவ்வகையில் சேர்க்கத்தக்கது. பெயர் விளையாட்டைச் சேர்ந்ததாக இருந்தாலும், டென்னிஸ் மட்டையைத் தொடாதவர்களுக்கே அது அதிகம் வருகிறது. திருப்புளியும் ஸ்பானரும் முறுக்குவோர் அவர்களுள் அடங்குவர். மணிக்கட்டைப் பின்னோக்கி உயர்த்தச் சொல்லி, அதை எதிர்த்து அழுத்தினால் முழங்கையின் வெளிப்பக்கத்தில் வலி எழுவது இதன் அடையாளம்.

சட்டத்தின் அளவுகோல்

கைக்காயத்துக்கு இந்தியச் சட்டம் விலை நிர்ணயித்தது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில். அதன் முதல் அட்டவணை, எந்த உறுப்பை இழந்தால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை விழுக்காடு இழப்பு என்று பட்டியலிட்டது. இரு கைகளையும் இழந்தால் 100. தோள்மூட்டில் துண்டானால் 90. ஒரு கையை இழந்தால் 60. ஒரு கையின் நான்கு விரல்களுக்கு 50. கட்டைவிரலுக்கு 30. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரல், சுண்டுவிரல் ஒவ்வொன்றுக்கும் 7. எலும்பு இழக்காமல் ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இத்தகைய பட்டியல் இடம்பெற்றது.

இப்பட்டியலால் தொழிலாளிக்கு ஒரு நன்மை உண்டு. விரல் போனது உறுதி என்றால் விழுக்காடும் உறுதி, பேரம் இல்லை. ஆனால் குறைகளும் உண்டு. வலக்கை, இடக்கை என்ற வேறுபாடு அதில் இல்லை. சுத்தியலையும் ஸ்பானரையும் இறுகப் பற்றுவதில் மோதிர விரலும் சுண்டுவிரலும் பெரும் பங்கு வகிக்கின்றன. பட்டியலிலோ அவற்றுக்கே மிகக் குறைந்த மதிப்பு. விரல் துண்டாகாமல் விறைத்தோ மரத்தோ போனால் பட்டியல் நேரடியாகப் பேசுவதில்லை. பயனை முழுதும் நிரந்தரமாக இழந்த உறுப்பை, துண்டான உறுப்புக்குச் சமமாகக் கொள்ளலாம் என்ற குறிப்பு அட்டவணையின் முடிவில் உள்ளது. பாதி இழந்தவருக்கு மருத்துவரின் மதிப்பீடே துணை.

சுரங்கங்களுக்கு உரிய 1952ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு கோட்டை வரைந்தது. எந்த எலும்பு முறிந்தாலும், கை அல்லது கால் விரலின் ஒரு கணு எலும்பு முறிந்தாலும்கூட, அதைக் கடுமையான உடற்காயமாக அது வகைப்படுத்தியது. அவ்வாறின்றி 72 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர இயலாமல் செய்யும் காயம், தெரிவிக்கப்பட வேண்டிய காயம் என்ற வேறு வகையில் வைக்கப்பட்டது. ஆகவே ஒரு சுரங்கத் தொழிலாளியின் வீங்கிய விரலில் இருப்பது சுளுக்கா, முறிவா என்ற கேள்வி மருத்துவத்தோடு நிற்பதில்லை. விபத்து எந்த வகையில் பதிவாகிறது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. ஸ்கேபாய்டு முறிவு போல முதல் படத்தில் தெரியாத முறிவுகள் இங்கே கூடுதல் கவனத்துக்கு உரியவை.

பட்டியலைத் தாண்டிப் பார்க்கும் வழியை உச்ச நீதிமன்றம் 1975இல் காட்டியது. ஒடிசாவில் திரையரங்கு ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்ததில், இடக்கை முழங்கைக்கு மேல் அகற்றப்பட்டது. அட்டவணைப்படி அதற்கு 70 விழுக்காடுதான் என்று முதலாளி வாதிட்டார். ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது. ஆகவே அவர் செய்யக்கூடிய வேலையைப் பொறுத்தவரை இழப்பு 100 விழுக்காடு என்ற முடிவை நீதிமன்றம் ஏற்றது. 2010இல் ஒரு சாலை விபத்து வழக்கில் இதே கருத்து மேலும் விளக்கம் பெற்றது. இடக்கையை இழந்த ஓட்டுநரோ தச்சரோ பிழைப்பையே இழக்கக்கூடும். அலுவலக எழுத்தர் தம் வேலையில் தொடரக்கூடும். ஆகவே உடலின் ஊன விழுக்காட்டையும் வருமான இழப்பின் விழுக்காட்டையும் ஒன்றாகக் கொள்ளக் கூடாது என்று நீதிமன்றம் கூறியது.

மாற்றுத்திறன் சான்றிதழுக்காக மத்திய அரசு 2001இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களிலும் இந்த நோக்கு தெரிகிறது. கையின் மதிப்பு அதில் பற்றும் திறன், தொடுவுணர்வு, வலிமை என்று மூன்று சம பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. துண்டான நீளத்தை அளந்த இடத்தில் செயல் அளக்கப்படுகிறது.

இன்றைய மதிப்பீட்டு முறை

மேற்கண்ட வரலாற்றின் பயனாக இன்று கைக்காய மதிப்பீடு ஏறத்தாழ ஓர் ஒழுங்கில் நடைபெறுகிறது.

முதலில் வரலாறு கேட்கப்படுகிறது: எப்படி அடிபட்டது, எப்போது, எந்தக் கையால் வேலை செய்பவர், என்ன தொழில். அடுத்து மோதிரம், வளையல், கடிகாரம் ஆகியவை வீக்கம் ஏறும் முன் கழற்றப்படுகின்றன. மூன்றாவதாக ரத்த ஓட்டம்: நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். நான்காவதாக உணர்வு: மரத்துப்போகச் செய்யும் ஊசி போடும் முன்பே விரல்களின் இரு பக்கங்களிலும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஊசிக்குப் பின் நரம்பு அறுந்ததா என்று சொல்ல முடியாது. ஐந்தாவதாக ஒவ்வொரு மூட்டும் தனித்தனியே மடக்கி நீட்டப்படுகிறது. மற்ற விரல்களை அசையாமல் பிடித்துக்கொண்டு ஒரு விரலை மட்டும் மடக்கச் சொன்னால் அறுந்த தசைநாண் வெளிப்படும். முஷ்டி பிடிக்கும்போது ஒரு விரல் பக்கத்து விரலின் மேல் ஏறினால், எலும்பு உடைந்து முறுக்கியிருக்கிறது என்று பொருள். இத்தனைக்கும் பிறகே எக்ஸ்ரே.

துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு மூடி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். பனிக்கட்டி விரலை நேரடியாகத் தொட்டால் திசு உறைந்து கெடும். தசை மிகுந்த முன்கை துண்டானால் சுமார் 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்ப வேண்டும்; தசையில்லாத விரல் குளிரில் அதைவிட நீண்ட நேரம் தாங்கும். நெய்வேலியிலிருந்து சென்னை சுமார் 200 கி.மீ. தொலைவில் இருப்பதால், முதலில் பார்ப்பவர் செய்யும் மதிப்பீடும் முன்கூட்டியே மருத்துவமனைக்குத் தரும் தகவலும் விரல் பிழைப்பதைத் தீர்மானிக்கக்கூடும்.

சிகிச்சை முடிந்த பிறகும் மதிப்பீடு முடிவதில்லை. பிடிவலிமை, தொடுவுணர்வு, மூட்டசைவு ஆகியவை வாரந்தோறும் குறிக்கப்பட்டு, எப்போது, எந்த வேலைக்குத் திரும்பலாம் என்பது முடிவு செய்யப்படுகிறது. மரத்துப்போன விரலுடன் ஓடும் உருளையருகே திரும்பும் தொழிலாளிக்குச் சூடும் கூர்மையும் தெரியாது. காயத்தின் தையல் ஆறியதை வைத்து மட்டும் அவரை வேலைக்குத் தகுதியானவர் என்று எழுதினால் அடுத்த விபத்துக்கு வழி திறந்துவிடும். ஸ்பானரைப் பிடித்து முறுக்க முடிகிறதா, பிடித்திருப்பது விரலுக்குத் தெரிகிறதா என்று பார்த்து எழுதுவதே முழுமையான மதிப்பீடாகும்.